டாக்டர்களே கீமோ வேண்டாம் என்பார்களா? ஒரு பழைய கணக்கின் பின்கதை

"புற்றுநோய் டாக்டர்களில் நான்கில் மூன்று பேர் தங்களுக்கு அந்த நோய் வந்தால் கீமோ எடுத்துக்கொள்ள மாட்டார்கள்." இந்த வரி பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கூடவே முள்சீத்தாப் பழத்தின் படமோ ஏதாவது ஒரு மூலிகைப் பொடியின் விளம்பரமோ இருக்கும். வீட்டில் ஒருவருக்குக் கீமோ தொடங்க நாள் குறித்திருக்கும் நேரத்தில் இதைப் படிப்பவருக்கு வயிறு கலங்குவது இயல்புதான். அவர்களே எடுக்காததை நமக்கு ஏன் ஏற்றுகிறார்கள் என்ற கேள்வி வந்துவிடும்.

அந்த வரி முழுப் பொய் என்றால் ஒரு வாக்கியத்தில் மறுத்துவிட்டுப் போகலாம். சிக்கல் என்னவென்றால், அதற்குப் பின்னால் உண்மையான ஓர் ஆய்வு இருக்கிறது. கீமோவை ஏற்பதில் நோயாளிகளும் மருத்துவத் துறையினரும் வேறு வேறு மாதிரி யோசிக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்த வேறுபாடு எதைச் சொல்கிறது என்பதை ஃபார்வர்டு தலைகீழாக்கிவிட்டது.

முதலில், கீமோ என்பது ஒரே சிகிச்சை அல்ல

வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத் தாக்கும் மருந்துகளைப் பொதுவாகக் கீமோ என்கிறோம். புற்றுநோய் செல்கள் அப்படிப் பெருகுபவை. முடியின் வேர், குடலின் உட்பூச்சு, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அப்படித்தான். அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வயிற்றுப்போக்கு வருகிறது, வெள்ளை அணு குறைந்து காய்ச்சல் வருகிறது. பக்கவிளைவுகள் தனியாக வந்து ஒட்டிக்கொண்டவை அல்ல, மருந்து வேலை செய்யும் விதத்திலேயே அடங்கியவை.

இந்த மருந்துகளை எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் நான்கு காரணங்கள்.

1. குணப்படுத்த. குழந்தைகளுக்கு வரும் கடும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயில் வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். அதில் முதுகெலும்பு கீமோதான். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் இன்னொன்று. விரைப்புற்றுநோய் உடலெங்கும் பரவிய பிறகும் பெரும்பாலும் குணமாகிறது.

2. அறுவை சிகிச்சைக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருக்கக்கூடிய செல்களை அழிக்க. மார்பகப் புற்றுநோயில் பலருக்கும் சொல்லப்படும் "ஆபரேஷன் முடிஞ்சது, இனி ஆறு சைக்கிள் கீமோ" என்பது இந்த வகை.

3. அறுவை சிகிச்சைக்கு முன், கட்டியைச் சுருக்க.

4. நோய் பரவிவிட்ட நிலையில், ஆயுளைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ நீட்டிக்கவும், வலி, மூச்சுத்திணறல் போன்ற தொல்லைகளைக் குறைக்கவும். பெரும்பாலான கட்டி வகைப் புற்றுநோய்களில் இந்த நிலையில் கீமோ நோயை வேரோடு எடுப்பதில்லை.

இரண்டாவது வகையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மனக்குழப்பம் அதிகம் வருவது இங்கேதான். விளக்கத்துக்காக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை மட்டும் செய்துகொண்ட 100 பெண்களில் பத்து ஆண்டு கழித்து 80 பேர் உயிரோடு இருப்பார்கள், கீமோவும் சேர்த்தால் 84 பேர் என்று கொள்ளுங்கள். அப்படியானால் 100 பேரும் கீமோவின் கஷ்டத்தைப் படுகிறார்கள். 80 பேர் அது இல்லாமலும் பிழைத்திருப்பார்கள். 16 பேருக்கு அது இருந்தும் உதவவில்லை. 4 பேர் கீமோவால் மட்டுமே பிழைக்கிறார்கள். அந்த நாலு பேர் யார் என்று முன்கூட்டியே யாராலும் விரல் நீட்ட முடியாது. இந்த நாலுக்காக நூறு பேர் படும் பாடு தகுமா என்றால், கணக்கு ஒன்றுதான், பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

ஆக, "நீங்கள் கீமோ எடுப்பீர்களா?" என்ற கேள்விக்கு அப்படியே பதில் கிடையாது. எந்த நோய், எந்த ஸ்டேஜ், எந்த மருந்து, என்ன நோக்கம் என்று சொன்ன பிறகுதான் அது ஒரு கேள்வியாகவே ஆகிறது.

நான்கில் மூன்று எங்கிருந்து வந்தது

1980களின் நடுப்பகுதி, கனடா. நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் 118 டாக்டர்களுக்கு ஒரு கேள்வித்தாள் போனது. 79 பேர் பதில் எழுதினார்கள். பொதுவாகக் கீமோ நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்கவில்லை. அப்போது நடந்துகொண்டிருந்த குறிப்பிட்ட சில மருந்துப் பரிசோதனைகளை விவரித்து, உங்களுக்கே "சிறுசெல் அல்லாத" என்ற வகை நுரையீரல் புற்றுநோய் வந்தால் இதில் சேருவீர்களா என்று கேட்டார்கள். அவற்றில் ஒன்று சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைப் பற்றியது. பெரும்பான்மையோர் சேர மாட்டோம் என்றார்கள். இந்த மறுப்புதான் பின்னாளில் "எல்லாப் புற்றுநோய் டாக்டர்களும், எல்லாக் கீமோவும்" என்று ஊதிப் பெருத்தது.

அந்த டாக்டர்கள் ஏன் மறுத்தார்கள் என்பதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன, இரண்டும் அன்றைக்கு நியாயமானவை. ஒன்று, பரவிய நுரையீரல் புற்றுநோயில் அந்த மருந்து உயிரை நீட்டிக்கும் என்பதற்கு அப்போது உறுதியான சான்று இல்லை. இரண்டு, சிஸ்பிளாட்டின் கொடுத்தால் வரும் வாந்தி. அதை வார்டில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு நாளில் பத்து முறைக்கு மேல்கூட வாந்தி எடுத்தவர்கள் உண்டு.

அதன் பிறகு இரண்டுமே மாறின. வாந்தியைத் தடுக்கும் ஆண்டன்செட்ரான் 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே ஆண்டு வெள்ளை அணுக்களை ஏற்றும் ஊசியும் வந்தது. 1995இல் பல பரிசோதனைகளின் தரவுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, முற்றிய நுரையீரல் புற்றுநோயில் சிஸ்பிளாட்டின் அடங்கிய சிகிச்சை, ஓராண்டுக்குப் பிறகு உயிரோடு இருப்பவர்களை நூற்றுக்குப் பத்துப் பேர் அளவு கூட்டுகிறது என்று தெரிந்தது. பெரிய அதிசயம் இல்லை, ஆனால் பூஜ்யமும் இல்லை. 1997இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவ மாநாட்டுக்கு வந்த டாக்டர்களிடமும் நர்ஸ்களிடமும் ஏறக்குறைய அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். இம்முறை சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் கீமோ எடுத்துக்கொள்வோம் என்றார்கள். ஃபார்வர்டில் இந்த இரண்டாம் பாதி இருக்காது.

கூடவே வரும் இன்னொரு எண்ணையும் இங்கேயே முடித்துவிடுவோம்: "கீமோவால் பலன் 2 சதவீதம்தான்." இது 2004இல் வெளியான ஓர் ஆஸ்திரேலியக் கட்டுரையிலிருந்து எடுத்தது. பெரியவர்களின் 22 வகைப் புற்றுநோய்களைச் சேர்த்துப் பார்த்து, ஐந்தாண்டு உயிர்வாழ்வில் கீமோவின் பங்கு ஆஸ்திரேலியாவில் 2.3 சதவீதம், அமெரிக்காவில் 2.1 சதவீதம் என்று அது சொன்னது. ஆனால் வகுத்த எண்ணில், அறுவை சிகிச்சையோடு முடிந்துபோய்க் கீமோவே தேவைப்படாதவர்களும் இருந்தார்கள். கீமோ மிக நன்றாக வேலை செய்யும் லுகேமியா வகை ரத்தப் புற்றுநோய்கள் கணக்கிலேயே இல்லை. கண்ணாடி தேவையில்லாதவர்களையும் சேர்த்து வகுத்துவிட்டு, கண்ணாடியால் ஊருக்கு 2 சதவீதம்தான் பயன் என்பது மாதிரி.

லண்டன், 1990: ஒரே கேள்வி, பல தரப்பு

ஃபார்வர்டைத் தாண்டி உண்மையில் யோசிக்க வைக்கும் ஆய்வு இன்னொன்று. அது 1990இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு. அப்போதுதான் நோய் கண்டறியப்பட்ட 100 நோயாளிகள். அவர்களோடு வயது முதலியவற்றில் ஒத்துப்போகும், புற்றுநோய் இல்லாத 100 பேர். மருந்து சிகிச்சை தரும் புற்றுநோய் டாக்டர்கள் 60, கதிரியக்க சிகிச்சை டாக்டர்கள் 88, குடும்ப டாக்டர்கள் 790, புற்றுநோய் வார்டு நர்ஸ்கள் 303.

எல்லோருக்கும் ஒரே காட்சி விவரிக்கப்பட்டது. கடுமையான கீமோ: வாந்தி, முடி கொட்டுதல், டிரிப்ஸ், அடிக்கடி ஆஸ்பத்திரியில் தங்கல், சோர்வு. இதை ஏற்க வேண்டுமென்றால் குறைந்தபட்சம் எவ்வளவு பலன் இருக்க வேண்டும்? குணமாகும் வாய்ப்பு எத்தனை சதவீதம், ஆயுள் எத்தனை மாதம் நீள வேண்டும், தொல்லைகள் குறைய எவ்வளவு வாய்ப்பு என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டார்கள்.

நோயாளிகளில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்கள், குணமாக 1 சதவீத வாய்ப்பு இருந்தாலே போதும், எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். நூற்றில் ஒன்று! நோயில்லாதவர்கள், நர்ஸ்கள், டாக்டர்கள் ஆகிய எந்தக் குழுவிலும் அப்படிச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவரை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். ஆயுள் மூன்று மாதம் நீண்டால் போதும் என்று சொன்ன நோயாளிகள் நூற்றுக்கு 40க்கும் மேல். மற்ற குழுக்களில் பத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ.

மருத்துவத் துறையினருக்குள்ளேயும் ஒரு கோடு விழுந்தது. கீமோவைத் தம் கையால் கொடுக்கும் டாக்டர்கள், கதிரியக்க டாக்டர்களையும் நர்ஸ்களையும்விடக் கூடுதலாக அதை ஏற்றார்கள். அவரவர் தொழிலில் அவரவருக்கு நம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது; கீழே வருகிறேன்.

டாக்டர்கள் தங்களுக்கு வேண்டாம் என்பதை நோயாளிகள் மீது திணிக்கிறார்கள் என்றுதானே ஃபார்வர்டு குற்றம் சாட்டுகிறது? இந்த ஆய்வின்படி, டாக்டர் தன் மனசைக் கேட்டுச் சிகிச்சை கொடுத்திருந்தால் பல நோயாளிகளுக்குக் கீமோவே கிடைத்திருக்காது. விரும்பிக் கேட்பவர்கள் நோயாளிகள்.

ஏன் இந்த இடைவெளி

1. கற்பனைக்கும் நிலைமைக்கும் உள்ள தூரம். நல்ல உடம்போடு நாற்காலியில் உட்கார்ந்து "அந்த நிலை வந்தால் எனக்கு ஒன்றும் வேண்டாம், நிம்மதியாகப் போய்விடுவேன்" என்று சொல்வது சுலபம். நம் வீடுகளில் இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. நோயாளி என்ற தனி இனம் எதுவும் கிடையாது. நேற்றுவரை இப்படிப் பேசிய அதே ஆள்தான் இன்று ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறு மாதிரி பேசுகிறார். நோயில்லாதவர்கள் நோய் வாழ்க்கையை உள்ளதைவிட மோசமாகக் கற்பனை செய்கிறார்கள். நோய் வந்தவர்கள் அதற்குள் ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்கிறார்கள்.

2. ஒப்பிடும் பொருள் வேறு. நர்ஸ், கீமோவோடு ஒரு நாளையும் கீமோ இல்லாத ஒரு நாளையும் ஒப்பிடுகிறார். நோயாளி கீமோவையும் சாவையும் ஒப்பிடுகிறார். தராசின் மறுதட்டில் சாவு இருக்கும்போது முடி கொட்டுவதற்கு எடையே இல்லை.

3. யார் எதைப் பார்க்கிறார்கள். டாக்டர்–நர்ஸ் வேறுபாட்டின் உள்விஷயம் இதுதான். வார்டு நர்ஸ் பார்ப்பது இரவு இரண்டு மணிக்கு வாந்தி எடுப்பவரை, வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட விழுங்க முடியாதவரை, கடைசி வாரத்தில் இருப்பவரை. பிழைத்துப் போனவர் வார்டுக்குத் திரும்ப வருவதில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு, டாக்டரின் ஓ.பி.க்கு வருகிறார், சில சமயம் பேரன் கல்யாணப் பத்திரிகையோடு. ஒரே சிகிச்சையின் இரண்டு முகங்களை இரண்டு பேர் பார்க்கிறார்கள். இரண்டும் உண்மை.

4. "நூற்றில் ஒன்று" என்பதன் பொருள். டாக்டருக்கு அது ஒரு விகிதம்: நூறு பேருக்குக் கொடுத்தால் தொண்ணூற்றொன்பது பேருக்கு வீண் கஷ்டம். நோயாளி நூறு பேராக இல்லை, அவர் ஒருவர். அந்த ஒன்று தானாக இருக்கக் கூடாதா என்பது அவர் கேள்வி. இதைப் புள்ளியியல் தெரியாத அறியாமை என்று சொல்லும் டாக்டர்களை எனக்கு ஏற்க முடியவில்லை. இழக்க வேறொன்றும் இல்லாதவருக்கு அந்த ஒரு சதவீதம்தான் முழுச் சொத்து.

5. பொறுப்பு. சின்னக் குழந்தைகள் உள்ள அம்மா மூன்று மாதத்தை எடை போடுவதும், எல்லாக் கடமையும் முடித்த எண்பது வயதுக்காரர் எடை போடுவதும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து முடித்த பெண்களிடம் கேட்டபோது, ஒன்றிரண்டு சதவீதக் கூடுதல் வாய்ப்புக்கே அது தகும் என்று பலர் சொன்னார்கள். இவர்கள் கற்பனையில் பேசவில்லை, பட்டுவிட்டுச் சொன்னவர்கள்.

ஆனால் நோயாளியின் "சரி"யிலும் ஓர் ஓட்டை இருக்கிறது

இதுவரை படித்தவர்களுக்கு, அப்படியானால் நோயாளி சொல்வதுதான் வேதம் என்று தோன்றலாம். அதுவும் அவ்வளவு நேராக இல்லை.

2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. நுரையீரலிலோ பெருங்குடலிலோ நான்காம் ஸ்டேஜ் புற்றுநோய் வந்து, கீமோ எடுக்கச் சம்மதித்த 1,193 பேர். அந்த நிலையில் கீமோ ஆயுளை நீட்டலாம், ஆனால் நோயைக் குணப்படுத்த வாய்ப்பே இல்லை என்று மருத்துவம் கருதியது. நுரையீரல் புற்றுநோயாளிகளில் 69 சதவீதமும் பெருங்குடல் புற்றுநோயாளிகளில் 81 சதவீதமும் இதைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. குணமாகலாம் என்ற எண்ணத்தில்தான் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இதில் வேதனையான ஒரு கண்டுபிடிப்பும் உண்டு. "என் டாக்டர் என்னிடம் ரொம்ப நன்றாகப் பேசுகிறார்" என்று உயர்ந்த மதிப்பெண் போட்ட நோயாளிகளிடம்தான் இந்தத் தவறான எண்ணம் கூடுதலாக இருந்தது. நன்றாகப் பேசுவதும் உள்ளதைப் பேசுவதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

டாக்டர்கள் ஏன் சொல்வதில்லை? பாதி, அவர்களுக்கே சரியாகத் தெரியாததால். சிகாகோவில், மரணத்தை நெருங்கியவர்களுக்கான பராமரிப்புத் திட்டங்களில் சேர்க்கப்பட்ட 468 நோயாளிகளைப் பற்றி அவர்களுடைய 343 டாக்டர்களிடம், இவர் இன்னும் எவ்வளவு நாள் இருப்பார் என்று கேட்டார்கள். 2000இல் முடிவு வெளியானது. சரியாகச் சொன்னது 20 சதவீதம். 63 சதவீதம் அதிகமாகச் சொன்னார்கள். மொத்தத்தில் உண்மைக் காலத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். நோயாளியோடு பழக்கம் நீள நீளக் கணிப்பு தவறுவதும் கூடியது. இன்னொரு பாதி, தெரிந்தும் சொல்லாதது: நோயாளி நேரடியாகக் கேட்டால்கூட, தாம் நினைப்பதை அப்படியே சொல்வது 37 சதவீத நேரம்தான் என்று அதே டாக்டர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

நம் ஊரில் இதற்கு மேல் இன்னொரு திரை இருக்கிறது: குடும்பம். ரிப்போர்ட்டை முதலில் வாங்குவது மகனோ மருமகனோதான். கன்சல்ட்டிங் அறைக்குள் முதலில் நுழைந்து, "சார், அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க, கட்டின்னு மட்டும் சொல்லுங்க, தாங்க மாட்டார்" என்று கேட்டுக்கொள்வதைப் புற்றுநோய் டாக்டர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பாசத்தால் செய்வதுதான், சந்தேகமில்லை. ஆனால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. அடுத்த படுக்கைக்காரரின் மொட்டைத் தலையைப் பார்த்து, வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படித்து, அவர் தெரிந்துகொண்டுதான் இருக்கிறார். பிள்ளைகள் வருத்தப்படக் கூடாது என்று அவரும் தெரியாத மாதிரி இருக்கிறார். இந்த நிலையில் கையெழுத்தாகும் சம்மதப் படிவம் யாருடைய சம்மதம்?

இதன் விளைவு மூன்று மாத ஆயுள் கணக்கோடு நிற்பதில்லை. நகை அடகு போகிறது, இடம் விற்கப்படுகிறது, வெளியூரில் அறை எடுத்துத் தங்குகிறார்கள், கூட இருப்பவரின் கூலி போகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் போன்றவை மருந்துச் செலவின் ஒரு பகுதியைத் தாங்குகின்றன. மற்றவை வீட்டின் தலையில். குணமாகும் என்று நம்பிச் செலவழிப்பதும், ஆறு மாதம் கூடுதலாகக் கிடைக்கும் என்று தெரிந்தே செலவழிப்பதும் வேறு வேறு முடிவுகள். தெரிந்தே எடுத்தால் இரண்டாவதும் நல்ல முடிவாக இருக்கலாம்.

நோயாளிகள் ஒரே குரலில் பேசுவதில்லை

லண்டன் ஆய்வை மட்டும் படித்தால் நோயாளி என்றாலே என்ன விலை கொடுத்தும் சிகிச்சை கேட்பவர் என்ற படம் வந்துவிடும். 1998இல் அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு அந்தப் படத்தைக் கலைக்கிறது. முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கு ஏற்கெனவே சிஸ்பிளாட்டின் எடுத்துக்கொண்ட 81 பேரிடம் பேசினார்கள். அதாவது வாந்தி என்றால் என்ன என்று தெரிந்தவர்கள்.

மூன்று மாத ஆயுள் மட்டும் கூடும் என்றால் கீமோவைத் தேர்வோம் என்றவர்கள் 22 சதவீதமே. ஆயுள் கூடாவிட்டாலும் தொல்லைகள் நன்றாகக் குறையும் என்றால் எடுத்துக்கொள்வோம் என்றவர்கள் 68 சதவீதம். ஒரு வாரம் கூடினாலே போதும் என்று சிலர் சொன்னார்கள். இரண்டு ஆண்டு கூடினாலும் வேண்டாம் என்றும் சிலர் சொன்னார்கள்.

ஒரு வாரத்துக்கும் இரண்டு ஆண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறார் என்பதை முகத்தைப் பார்த்தோ வயதைப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. "வயசானவர், இவருக்கு எதுக்குக் கீமோ" என்று டாக்டர் முடிவு செய்வதும், "சின்ன வயசு, கண்டிப்பா எடுத்துக்குவாங்க" என்று முடிவு செய்வதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

மருத்துவம் எந்தப் பக்கம் நகர்கிறது

கீமோவைக் கொடுத்துக்கொண்டே இருக்க மருத்துவத் துறை துடிக்கிறது என்பதும் ஃபார்வர்டுகளின் நிரந்தரக் குற்றச்சாட்டு. கடந்த இருபது ஆண்டுகளின் முக்கியமான ஆய்வுகளில் சில, யாருக்குக் கீமோ வேண்டாம் என்று கண்டுபிடிப்பதற்காகவே நடந்தவை.

2018இல் முடிவு வெளியான டெய்லர்-எக்ஸ் ஆய்வில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். ஹார்மோனுக்குக் கட்டுப்படும், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத மார்பகப் புற்றுநோய். கட்டியின் 21 மரபணுக்களைச் சோதித்து மதிப்பெண் போட்டார்கள். நடுத்தர மதிப்பெண் பெற்றவர்களில், குறிப்பாக 50 வயதைத் தாண்டியவர்களில், ஹார்மோன் மாத்திரையோடு கீமோ சேர்த்ததால் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. மேலே சொன்ன "அந்த நாலு பேர் யார்" என்ற கேள்விக்குக் கிடைத்த ஒரு பகுதி விடை இது. இந்தச் சோதனையின் விலை நம் ஊரில் பலருக்கும் எட்டாதது என்பது தனிக் கதை.

முற்றிய நிலையில் இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். 2010இல் பாஸ்டனில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொன்றுக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும், அதாவது வலி, மூச்சு, தூக்கம், பயம், அடுத்து என்ன என்பதையெல்லாம் கவனிக்கும் ஒரு குழு. இரண்டாம் பிரிவினர் கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்தார்கள். ஆனால் அவர்கள்தான் கூடுதல் நாள் இருந்தார்கள்: நடுநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9.

2015இல் வந்தது இன்னொன்று. அதைப் புரிந்துகொள்ள ஒரு சொல் தேவை: செயல்திறன் அளவு. நோயாளி தன் வேலைகளை எவ்வளவு தானே செய்துகொள்கிறார் என்பதற்கு டாக்டர்கள் போடும் எண். பூஜ்யம் என்றால் முன்போல இயல்பாக இருக்கிறார். ஒன்று என்றால் கடின வேலை முடியாது, லேசான வேலை முடியும். நான்கு என்றால் முழுக்கப் படுக்கை. நோய் முற்றி வாழ்வின் கடைசி மாதங்களில் இருந்தவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களில் கீமோ எடுத்தவர்களின் கடைசி வாரம் எடுக்காதவர்களைவிட மோசமாக இருந்தது. "தெம்பா இருக்காரே, இன்னொரு ரவுண்டு பார்த்துடலாம்" என்ற வழக்கமான தர்க்கத்தை அசைத்துப் பார்த்த முடிவு இது. தெம்பாக இருப்பவருக்குத்தானே இழக்கத் தெம்பு இருக்கிறது!

"உங்க அம்மாவா இருந்தா என்ன பண்ணுவீங்க, டாக்டர்?"

நம் ஆட்கள் கடைசியில் கேட்கும் கேள்வி இதுதான். மேலே பார்த்த ஆய்வுகளெல்லாம் ஒருவகையில் இந்தக் கேள்விக்கு டாக்டர்கள் சொன்ன பதில்களின் தொகுப்பு. அந்தப் பதில் நமக்கு எவ்வளவு உதவும்? டாக்டரின் அம்மாவின் வயது வேறு, அவர் எதற்குப் பயப்படுகிறார் என்பது வேறு, வீட்டு நிலவரம் வேறு. அதோடு டாக்டர் பதில் சொல்வது நோயில்லாத நாற்காலியில் உட்கார்ந்து. லண்டன் ஆய்வின்படி அந்த நாற்காலியில் இருப்பவர்கள் பெரும்பாலும் "வேண்டாம்" பக்கம் சாய்பவர்கள்.

கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. டாக்டர் என்ன நினைக்கிறார் என்று தெரிவது நல்லதுதான். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. ஒரு தாளில் எழுதி எடுத்துப் போனால் பதற்றத்தில் மறக்காது.

1. இந்தக் கீமோவின் நோக்கம் என்ன: குணப்படுத்தவா, திரும்ப வராமல் தடுக்கவா, நாளைக் கூட்டவா, தொல்லையைக் குறைக்கவா?

2. என்னைப் போன்ற நூறு பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேருக்குப் பலன்? கொடுக்காவிட்டால் எத்தனை பேர் அதே நிலையில் இருப்பார்கள்? "பாதியாகக் குறையும்" என்று சதவீதமாகச் சொன்னால், எத்தனையிலிருந்து எத்தனை ஆகும் என்று திருப்பிக் கேளுங்கள். நாலு இரண்டானாலும் பாதிதான், நாற்பது இருபதானாலும் பாதிதான்.

3. எத்தனை சைக்கிள் கழித்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்? பலன் இல்லை என்றால் எப்போது நிறுத்துவோம்? தொடங்கும் அன்றே இதைப் பேசிவிட்டால், பின்னால் நிறுத்துவது கைவிட்ட மாதிரி இருக்காது.

4. கீமோ எடுக்காவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை இருக்கிறது? வலிக்கும் மூச்சுக்கும் யார் பொறுப்பு, எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்?

அப்புறம் டாக்டர் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. அவர் கேட்கவில்லை என்றால் வீட்டில் யாராவது கேட்கலாம், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, சாப்பாடு முடிந்து டிவியை அணைத்த பிறகு: "அப்பா, அடுத்த சில மாசத்துல நீங்க எதைச் செய்ய முடியணும்னு நினைக்கிறீங்க?" பேத்தி கல்யாணத்துக்கு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பார் ஒருவர். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண்ணை மூடக் கூடாது என்பார் இன்னொருவர். மறுநாள் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அந்தப் பதில்தான்.